டைனஸ்டி லீக்கில் மைனர் லீக் வீரர்களை எடைபோடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்எல்பி (வட அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) ஆட்டங்களைப் பார்க்கிறவர்கள், ஃபேன்டஸி பேஸ்பாலில் (நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு) ஓரிரு வருடம் கையை நனைத்துவிட்டு இப்போது டைனஸ்டி லீக்கில் சேர்ந்திருப்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஸ்ட்ரைக்அவுட் என்றால் என்ன, வாக் என்றால் என்ன என்பதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டைனஸ்டி லீக் எந்த வகையில் வேறு?

சாதாரண லீக்கில் ஒவ்வொரு மார்ச் மாதமும் எல்லாரும் வெறுங்கையோடு தொடங்குவார்கள். சீசன் முடிந்ததும் அணி கலைந்துவிடும். டைனஸ்டியில் அணி கலைவதில்லை. நீங்கள் எடுத்த வீரரை நீங்களாக விற்கும்வரை, அல்லது விடுவிக்கும்வரை, அவர் உங்களுடையவர். அதனால்தான் டொமினிகன் குடியரசில் 17 வயதுப் பையன் ஒருவன் நேற்று எத்தனை வாக் எடுத்தான் என்று நம்மில் சிலர் காலையில் எழுந்ததும் பார்க்கிறோம்.

விதிகள் லீக்குக்கு லீக் மாறும். ஆட்டோன்யூ தளத்தில் 12 அணிகள், அணிக்கு 40 வீரர்கள், 400 டாலர் வரவுசெலவு; வைத்துக்கொள்ளும் வீரருக்கு வருடாவருடம் விலை ஏறும். ஃபேன்ட்ராக்ஸ் தளத்தில் லீக்கை நடத்துபவர் எப்படி வேண்டுமானாலும் விதி வைக்கலாம். எனவே வீரர் பட்டியலைத் திறப்பதற்கு முன் உங்கள் லீக்கின் விதிப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பேட்டிங் சராசரிக்குப் புள்ளியா, ஆன்-பேஸ் சதவீதத்துக்கா (ஹிட், வாக் என்று எப்படியாவது பேஸுக்குப் போகும் சதவீதம்)? ஸ்டீலுக்கு (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) எவ்வளவு? கேட்சர் ஒருவரா இருவரா? மைனர் லீக் (எம்எல்பி அணிகளுக்கு வீரர்களை வளர்த்துத் தரும் கீழ்நிலை லீக்குகள்) வீரர்களுக்குத் தனி இடம் உண்டா, எத்தனை? இதெல்லாம் தெரியாமல் "யார் நல்ல ப்ராஸ்பெக்ட் (எம்எல்பிக்கு வருவார் என்று எதிர்பார்க்கப்படும் இளம் வீரர்)?" என்று கேட்டால் பதிலே கிடையாது.

மைனர் லீக்கில் எத்தனை படிகள்? எந்தப் படி முக்கியம்?

2021-இல் எம்எல்பி மைனர் லீக் அமைப்பையே மாற்றியது. இப்போது 30 அணிகளுக்கும் தலா நான்கு முழுநேரக் கிளை அணிகள், மொத்தம் 120. கீழிருந்து மேலே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. அவற்றுக்கும் கீழே அரிசோனாவிலும் ஃபுளோரிடாவிலும் பயிற்சி வளாகங்களில் நடக்கும் காம்ப்ளெக்ஸ் லீக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் டொமினிகன் சம்மர் லீக்.

சல்லடை டபுள்-ஏதான். கீழ்ப்படிகளில் வேகப்பந்தை மட்டும் அடிக்கத் தெரிந்தாலே ஒரு பேட்டர் பிழைத்துக்கொள்வார். டபுள்-ஏ பிட்சர்கள் தாங்கள் பால்-ஸ்ட்ரைக் எண்ணிக்கையில் பின்தங்கியிருக்கும்போதுகூட வளையும் பந்தை ஸ்ட்ரைக்காகப் போடுவார்கள். பேட்டரின் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் அங்கேயே போட்டுக்கொண்டிருப்பார்கள். ட்ரிபிள்-ஏ வேறு மாதிரி இடம். எம்எல்பிக்கும் அதற்கும் நடுவில் மேலும் கீழுமாக அலையும் அனுபவஸ்தர்கள் அங்கே நிறைய. அங்கே ஒருவர் நன்றாக ஆடுகிறார் என்பதைவிட, டபுள்-ஏவில் தடுமாறவில்லை என்பது எனக்கு அதிகம் சொல்கிறது.

புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தால் கண்ணை எங்கே வைப்பது?

வயதில். அதற்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

சராசரியாக சிங்கிள்-ஏவில் ஆடுபவர்களுக்கு வயது 21-ஐ ஒட்டி இருக்கும். டபுள்-ஏவில் 24-ஐ ஒட்டி. ட்ரிபிள்-ஏவில் 26, 27. எட்டாம் வகுப்புப் பையன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி 60 மதிப்பெண் வாங்குவதும், இரண்டு முறை தவறியவர் அதே தேர்வில் 80 வாங்குவதும் ஒன்றல்ல. டபுள்-ஏவில் 20 வயதில் .260 (பேட்டிங் சராசரி) அடிப்பவரை நான் எடுப்பேன், 25 வயதில் .310 அடிப்பவரை அடுத்தவருக்கு விட்டுவிடுவேன்.

ஹுவான் சோட்டோவின் 2018-ஐப் பாருங்கள். அந்த வருடத்தை சிங்கிள்-ஏவில் தொடங்கினார். டபுள்-ஏவில் அவர் ஆடியது வெறும் 8 ஆட்டம். மே 20-இல் வாஷிங்டன் அணிக்காக எம்எல்பியில் இறங்கினார், 19 வயதில். 116 ஆட்டங்களில் 22 ஹோம் ரன், 79 வாக். ஒவ்வொரு படியிலும் தன்னைவிட மூத்தவர்களின் பந்தை நிதானமாகப் பார்த்து விட்டுக்கொண்டே வந்தவர் அவர். அந்த வேகத்தில் ஒருவரை அணி மேலே தள்ளுகிறது என்றால், உள்ளே இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடுகிறது. பதவி உயர்வு என்பதே ஒரு ஸ்கவுட்டிங் (வீரரை நேரில் பார்த்து மதிப்பிடும்) அறிக்கைதான், அதுவும் இலவசமாகக் கிடைப்பது.

இன்னொரு பக்கமும் உண்டு. கல்லூரியில் நாலு வருடம் ஆடிவிட்டு வந்தவர் 23 வயதில் சிங்கிள்-ஏவைப் பந்தாடினால் அதில் செய்தி எதுவும் இல்லை.

அப்படியானால் பேட்டிங் சராசரி?

கடைசியில் பாருங்கள். மைனர் லீக்கில் மைதானங்கள் சமமாக இருக்காது, ஃபீல்டிங் மோசம், ஆட்டங்களும் குறைவு. போதாக்குறைக்கு இப்போது ஒரே அணியோடு செவ்வாய் முதல் ஞாயிறு வரை தொடர்ந்து ஆறு ஆட்டம். அந்த வாரம் எதிரணிப் பிட்சர்கள் சுமாராக இருந்தால் ஒருவருடைய சராசரி கிடுகிடுவென்று ஏறிவிடும்.

நான் பார்ப்பது இரண்டு சதவீதங்கள்: எத்தனை முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறார், எத்தனை முறை வாக் எடுக்கிறார். எம்எல்பியில் சராசரி பேட்டர் 100 வாய்ப்பில் 22, 23 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆவார். 8 முறையை ஒட்டி வாக் எடுப்பார். மேலே போகப்போக ஸ்ட்ரைக்அவுட் கூடும் என்பதால், ஹை-ஏவிலேயே 30-ஐத் தொட்டுவிட்டவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முடிந்தால் சுழற்றித் தவறவிடும் பந்துகளின் சதவீதத்தையும் பாருங்கள். ஃபேன்கிராஃப்ஸ் தளத்தில் மைனர் லீக் வீரர்களுக்கும் அது கிடைக்கும். ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்தைவிட அது சீக்கிரம் நிலைபெறும்.

மூக்கி பெட்ஸ் 2011 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். 2012-இல் லோவெல் நகரின் குறுகிய சீசன் அணிக்காக ஆடி ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. அந்த வரியை மட்டும் பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். ஆனால் அதே வரியில் ஸ்ட்ரைக்அவுட்டுக்குச் சமமான எண்ணிக்கையில் வாக், கூடவே 20 ஸ்டீலும் இருந்தன. மறு வருடம் 15 ஹோம் ரன். 2018-இல் அமெரிக்கன் லீக்கின் (எம்எல்பியின் இரு பிரிவுகளில் ஒன்று) எம்விபி, அதாவது மிக மதிப்புமிக்க வீரர். பந்தைத் தொடும் திறமையும் எந்தப் பந்தை விடுவது என்ற அறிவும் இருப்பவரிடம் பலம் பின்னால் வந்து சேரலாம். பலம் மட்டும் இருப்பவரிடம் அந்த அறிவு பின்னால் வந்து சேர்வது அபூர்வம்.

"எல்லி டி லா குரூஸ்?" என்று உடனே கேட்பீர்கள். சரிதான். மைனர் லீக்கில் சுமார் 30 சதவீதம் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர். 2024-இல் எம்எல்பியில் 218 முறை ஆனார். அதே வருடம் 25 ஹோம் ரன், 67 ஸ்டீல். அந்த அளவு வேகமும் பலமும் ஒரே உடம்பில் இருந்தால் விதி வளையும். அவரைக் காட்டி ஸ்ட்ரைக்அவுட் அதிகமான எல்லாரையும் வாங்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார்.

ஹோம் ரன் எண்ணிக்கையை நம்பலாமா?

எந்த ஊரில் அடித்தார் என்று தெரிந்தால் பாதி நம்பலாம். ட்ரிபிள்-ஏவின் பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்புகர்க்கி, ரீனோ, லாஸ் வேகஸ், எல் பாஸோ, சால்ட் லேக் போன்ற உயரமான அல்லது வறண்ட ஊர்கள் உண்டு. ஆல்புகர்க்கி கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேல். காற்றின் அடர்த்தி குறைந்த இடத்தில் பந்து தூரமாகப் பறக்கும், வளையும் பந்து சரியாக வளையாது. பேட்டருக்கு இரட்டை லாபம், பிட்சருக்கு இரட்டை அடி.

பிராண்டன் வுட் கதையை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது. ஏஞ்சல்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். 2005-இல் கலிஃபோர்னியா லீக்கில் ரான்சோ குகமாங்கா அணிக்காக 43 ஹோம் ரன் அடித்தார். வயது 20. ப்ராஸ்பெக்ட் பட்டியல்களில் உச்சிக்குப் போனார். அந்த லீக் பேட்டர்களுக்குச் சாதகமானது என்று அப்போதே தெரியும். அந்த வருடம் அவர் ஸ்ட்ரைக்அவுட்டும் நிறைய ஆனார். எம்எல்பியில் அவருடைய வாழ்நாள் சராசரி .186, மொத்த ஹோம் ரன் 18.

வயது சரியாக இருந்தது, எண்ணும் பெரிதாக இருந்தது, ஆனாலும் நடக்கவில்லை. எனவே வயதை மந்திரம் போலப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. வயது, ஸ்ட்ரைக்அவுட், மைதானம் மூன்றும் ஒரே திசையைக் காட்டினால்தான் நான் பெரிய விலை கொடுப்பேன்.

வேறு என்ன விதத்தில் மைனர் லீக் எண்கள் ஏமாற்றும்?

எம்எல்பி தன் புதிய விதிகளை முதலில் மைனர் லீக்கில் பரிசோதிக்கிறது. இது பலருடைய கண்ணில் படுவதில்லை. 2023-இல் எல்லா ட்ரிபிள்-ஏ மைதானங்களிலும் இயந்திரம்தான் பாலா ஸ்ட்ரைக்கா என்று தீர்மானித்தது. சில நாள் முழுக்க இயந்திரம், சில நாள் நடுவரின் முடிவை எதிர்த்து முறையிடும் வசதி. ஸ்ட்ரைக் எல்லை மாறியதில் வாக் எண்ணிக்கை கூடியது. அந்த வருடத்து ட்ரிபிள்-ஏ வாக் சதவீதத்தை அப்படியே எம்எல்பிக்குத் தூக்கிப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். அதே 2023-இன் முதல் பாதியில் டபுள்-ஏ சதர்ன் லீக்கில் ஒட்டும் தன்மை பூசிய பந்துகளைப் பயன்படுத்தினார்கள். பிட்சர்களின் ஸ்ட்ரைக்அவுட் எகிறியது. இரண்டாம் பாதியில் பழைய பந்து வந்ததும் இறங்கியது.

ஸ்டீலும் அப்படித்தான். பேஸின் அளவு 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதும், பிட்சர் பேஸை நோக்கி எறிவதற்கு வரம்பு வந்ததும் 2023-இல். அந்த வருடம் எம்எல்பியில் ஸ்டீல் 2,486-இலிருந்து 3,503-க்குத் தாவியது. மைனர் லீக்கில் அதற்கு முன்பே இந்த விதிகள் இருந்தன. இன்று சிங்கிள்-ஏவில் 40 ஸ்டீல் என்பது ஒரு காலத்தில் இருந்த 40 இல்லை. அந்தப் படியில் கேட்சர்களின் எறிதலும் பிட்சர்களின் கவனமும் சுமார். வெற்றிச் சதவீதத்தைப் பாருங்கள், ஓட்ட வேகத்துக்கு ஸ்கவுட்கள் என்ன மதிப்பெண் தருகிறார்கள் என்று பாருங்கள். எண்ணிக்கை மட்டும் போதாது.

பந்து பேட்டிலிருந்து கிளம்பும் வேகத்தை எங்கே பார்க்கலாம்? எவ்வளவு இருந்தால் நல்லது?

ட்ரிபிள்-ஏவுக்கும் சிங்கிள்-ஏவின் ஃபுளோரிடா ஸ்டேட் லீக்குக்கும் ஸ்டாட்காஸ்ட் (பந்தின் வேகத்தையும் பாதையையும் கருவிகளால் அளக்கும் அமைப்பு) தகவல் பேஸ்பால் சவாண்ட் தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. டபுள்-ஏவும் ஹை-ஏவும் பொதுவெளியில் இல்லை; அணிகளிடம் இருக்கிறது. அதனால் ஒரு வீரர் ட்ரிபிள்-ஏவுக்கு ஏறும் வாரம் ஒரு நல்ல வாரம். அதுவரை கேள்விப்பட்டதை அன்றுமுதல் நாமே சரிபார்க்கலாம்.

சராசரி வேகத்தைவிட, அவர் அடித்த பந்துகளில் மேல் 10 சதவீதம் எந்த வேகத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அது மணிக்கு 105 மைலை ஒட்டி இருந்தால் பலம் உண்மை. 100-ஐத் தாண்டவே திணறினால், இன்று அடிக்கும் 20 ஹோம் ரன் எம்எல்பியில் வேலிக்கு முன்னால் கேட்ச் ஆகும். ஆனால் 19 வயதுப் பையனுக்கு இதே அளவுகோலை வைக்காதீர்கள். உடம்பு இன்னும் தேறவேண்டியிருக்கிறது.

ஸ்கவுட்கள் சொல்லும் 20-80 மதிப்பெண் என்ன?

50 என்றால் எம்எல்பி சராசரி. 60 நன்று, 70 மிக நன்று, 80 அபூர்வம். கீழே அதேபோல. இப்போதைய நிலைக்கு ஒன்று, எதிர்காலத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் போடுவார்கள். எதிர்கால எண் ஒரு கணிப்புதான். நான் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன்; இடைவெளி பெரிதென்றால் காத்திருப்பும் பெரிது.

பேஸ்பால் அமெரிக்கா, எம்எல்பி பைப்லைன் தளங்களின் ப்ராஸ்பெக்ட் பட்டியல்களை அப்படியே பின்பற்றலாமா?

வேண்டாம். அவை நிஜ அணிகளுக்கான பட்டியல்கள். நிஜத்தில் மிகச் சிறந்த தடுப்பாட்டம் ஆடும் ஷார்ட்ஸ்டாப் .245 அடித்தாலும் பொக்கிஷம். உங்கள் லீக்கில் அவருடைய கையுறைக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. கேட்சர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். பந்தைப் பிடிப்பது, பிட்சர்களை நடத்துவது என்று கற்றுக்கொள்ள நிறைய இருப்பதால் தாமதமாக வருவார்கள். வந்த பிறகும் வாரத்துக்கு ஓரிரு நாள் ஓய்வு. ஆட்லி ரட்ச்மன் 2019 டிராஃப்டின் முதல் தேர்வு, அதுவும் கல்லூரியிலிருந்து. அவரே பால்டிமோருக்கு வந்தது 2022 மே மாதம், 24 வயதில். ஒரு கேட்சர் மட்டும் ஆடும் லீக்கில் கேட்சர் ப்ராஸ்பெக்டை நான் தொடுவதில்லை.

இருந்தாலும் தடுப்பாட்டத்தைச் சுத்தமாக ஒதுக்கவும் முடியாது. நல்ல ஃபீல்டர் அடிக்காத மாதத்திலும் அணியில் இருப்பார், தேறுவதற்கு நேரம் கிடைக்கும். முதல் பேஸ் மட்டுமே ஆடத் தெரிந்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு மாதம் அடிக்கவில்லை என்றால் கீழே அனுப்பிவிடுவார்கள்.

பிட்சர்களை எப்படி எடைபோடுவது?

கையைக் கட்டிக்கொண்டு. அமெரிக்க ஆய்வாளர்களிடையே பழைய வாசகம் ஒன்று உண்டு: பிட்சிங் ப்ராஸ்பெக்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. கொஞ்சம் மிகைதான், ஆனால் காரணமில்லாமல் இல்லை. முழங்கைத் தசைநார் கிழிவது இன்று சர்வசாதாரணம். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜான் என்ற பிட்சருக்குச் செய்த அறுவைச் சிகிச்சை இப்போது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. திரும்பி வர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம். உங்கள் மைனர் இடம் அவ்வளவு காலம் சும்மா கிடக்கும்.

ஈ.ஆர்.ஏவை (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன்களின் சராசரி) விடுங்கள். ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழியுங்கள். எம்எல்பியில் அது சராசரியாக 14-ஐ ஒட்டி இருக்கும். மைனர் லீக்கில் 20-க்கு மேல் இருந்தால் கவனிக்கலாம். அடுத்தது, அவர் ஸ்டார்ட்டராகவே (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) நீடிப்பாரா என்ற கேள்வி. வலக்கைப் பிட்சர் என்றால் இடக்கைப் பேட்டர்களுக்கு எதிராக என்ன வைத்திருக்கிறார்? வேகப்பந்தும் ஸ்லைடரும் மட்டும் வைத்துக்கொண்டு சிங்கிள்-ஏவில் யாரையும் வீழ்த்தலாம். மூன்றாவது பந்து, பெரும்பாலும் சேஞ்சப் (வேகம் குறைத்துப் போடும் பந்து), இல்லாவிட்டால் மேலே அவரை புல்பென்னுக்கு (ஆட்டத்தின் நடுவில் வரும் மாற்றுப் பிட்சர்கள்) அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எத்தனை இன்னிங்ஸ் போடுகிறார் என்பதும் முக்கியம். பல அணிகள் இளம் பிட்சர்களை நாலைந்து இன்னிங்ஸோடு நிறுத்திவிடுகின்றன. அங்கே அழகாகத் தெரியும் எண்கள் ஆறாவது இன்னிங்ஸில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பென்சர் ஸ்ட்ரைடர் இதற்கு இரண்டு பக்கமும் சாட்சி. 2020-இல் நாலாம் சுற்று. பெரும்பாலும் இரண்டே வகைப் பந்துகளை வைத்துக்கொண்டு 2022-இல் 202 ஸ்ட்ரைக்அவுட், 2023-இல் 281. 2024 தொடங்கியதும் முழங்கை அறுவைச் சிகிச்சை. ஜேக்கப் டிகிராமைப் பாருங்கள்: கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து பிட்சரானவர், 2010-இல் ஒன்பதாம் சுற்று, அந்த வருடமே டாமி ஜான் அறுவை. 2014-இல்தான் மெட்ஸ் அணிக்கு வந்தார். அந்த வருடம் சிறந்த புதுமுகம். பிறகு இரண்டு முறை சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. எந்தப் பட்டியலும் அவரை முன்கூட்டிச் சொல்லவில்லை. எதிர்த்திசையில் மார்க் ஆப்பல்: 2013 டிராஃப்டின் முதல் தேர்வு, எம்எல்பியில் முதல் பந்தைப் போட்டது 2022-இல், 30 வயதில்.

எனவே என் வழக்கம் இது. பிட்சர் ப்ராஸ்பெக்டுகளை டபுள்-ஏவுக்குக் கீழே வாங்குவதில்லை. மற்றவர்கள் சலித்து விட்டுவிடும் பிட்சர்களை, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு திரும்பும் நேரத்தில், மலிவாக எடுப்பேன். பால் ஸ்கீன்ஸ் போன்றவர் விதிவிலக்கு. 2023 ஜூலையில் முதல் தேர்வு, 2024 மே 11-இல் பிட்ஸ்பர்க்கில் முதல் ஆட்டம், அந்த சீசனை 1.96 ஈ.ஆர்.ஏவில் முடித்து நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம். அப்படிப்பட்டவருக்கு உங்கள் லீக்கில் எல்லாரும் விலை கேட்பார்கள். அங்கே தனியாக எடைபோட ஒன்றுமில்லை.

என் ப்ராஸ்பெக்ட் எம்எல்பிக்கு வந்து சொதப்புகிறார். விற்றுவிடலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. மைக் டிரவுட் 2011-இல் 40 ஆட்டங்களில் .220 அடித்தார். மறு வருடம் .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டீல். ஆரன் ஜட்ஜ் 2016-இல் 84 முறை பேட் செய்து .179, அதில் 42 ஸ்ட்ரைக்அவுட், சரியாகப் பாதி. 2017-இல் 52 ஹோம் ரன். ஜாக்சன் ஹாலிடே 2022 டிராஃப்டின் முதல் தேர்வு, எல்லாப் பட்டியலிலும் முதலிடம். 2024 ஏப்ரலில் 34 முறை பேட் செய்து 2 ஹிட், நேராக ட்ரிபிள்-ஏவுக்குத் திரும்பினார். ஜாக்சன் சூரியோ ஒரு எம்எல்பி ஆட்டம்கூட ஆடாமல் எட்டு வருடத்துக்கு 82 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டவர். 2024-இன் முதல் இரண்டு மாதம் திணறினார், சீசன் முடிவில் 21 ஹோம் ரன், 22 ஸ்டீல், வயது 20.

ட்ரிபிள்-ஏவுக்கும் எம்எல்பிக்கும் உள்ள இடைவெளி முன்னைவிட அகன்றுவிட்டது என்பது என் கருத்து. மேலே இருக்கும் பிட்சர்கள் அவ்வளவு முன்னேறிவிட்டார்கள். எனவே முதல் 200 வாய்ப்புகளை வைத்து முடிவெடுப்பது அவசரம். அந்த நேரத்தில் விற்பதைவிட, பக்கத்து அணிக்காரர் பதறும்போது வாங்குவதே நல்ல வியாபாரம்.

ஜாரெட் கெலெனிக்கையும் சொல்லாமல் விட முடியாது. 2021 தொடக்கத்தில் எல்லாருக்கும் அவர்மேல் கண். அந்த வருடம் .181, அடுத்த வருடம் 54 ஆட்டங்களில் .141. இரண்டாவது வருடமும் அதே பந்தில் அதே விதமாக ஏமாறினால், அது பதற்றம் இல்லை, ஓட்டை. எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? எண்ணை விட்டு ஆட்டத்தைப் பாருங்கள். எல்லைக்கு வெளியே போகும் பந்தைத் துரத்துவது மாதாமாதம் குறைகிறதா? அடிக்கும் பந்து வேகமாகக் கிளம்புகிறதா? இந்த இரண்டும் இருந்தால் சராசரி பின்னால் வரும்.

அவர் எப்போது மேலே வருவார் என்று எப்படிக் கணிப்பது?

திறமை பாதி, கணக்குவழக்கு பாதி. எம்எல்பியில் 172 நாள் இருந்தால் ஒரு முழு வருடச் சேவை. சேவை வருடங்கள் போதுமான அளவு சேர்ந்ததும் வீரர் எந்த அணிக்கும் போகலாம். கிரிஸ் பிரையன்ட் 2014-இல் மைனர் லீக்கில் 43 ஹோம் ரன் அடித்தும் 2015 சீசனின் தொடக்கத்தில் கப்ஸ் அவரைக் கீழேயே வைத்திருந்தது. ஏப்ரல் 17-இல் வந்ததால் 171 நாள். ஒரு நாள் குறைந்ததில் அணிக்கு அவர்மேல் ஒரு வருட உரிமை கூடுதல். முறையீடு செய்தும் அவர் தோற்றார். 2022-இல் எம்எல்பியும் வீரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. முன்னணிப் பட்டியல்களில் இருக்கும் புதுமுகத்தை முழு வருடமும் வைத்திருந்து அவர் சிறந்த புதுமுக விருது வாங்கினால், அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் தேர்வு. ஹூலியோ ரொட்ரிகஸால் சியாட்டிலுக்கும், கார்பின் கேரலால் அரிசோனாவுக்கும் அப்படிக் கிடைத்தது. இப்போது உச்சப் பட்டியலில் இருப்பவர் மார்ச்சிலேயே வர வாய்ப்பு உண்டு. பட்டியலில் இல்லாதவர் இன்னும் காத்திருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு எம்எல்பி அணியும் வைத்திருக்கும் 40 பேர் பட்டியல். 18 வயதிலோ அதற்குள்ளோ ஒப்பந்தமானவரை ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்கு மேலோ ஒப்பந்தமானவரை நாலு சீசனுக்குள்ளும் அதில் சேர்க்காவிட்டால் டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். நவம்பரில் யாரை அவசரமாகச் சேர்க்கிறார்கள் என்று பார்த்தால், அடுத்த கோடையில் யார் வருவார் என்று ஓரளவு புரியும். "அந்த இடத்தில் ஏற்கெனவே நட்சத்திரம் இருக்கிறாரே" என்ற கவலைக்கு அதிக இடம் கொடுக்காதீர்கள். காயம், ட்ரேட், வேறு பொசிஷன் என்று ஏதாவது ஒரு வழி திறக்கும்.

புதிதாக டிராஃப்ட் ஆனவர்களில் யாரை எடுப்பது?

கல்லூரி பேட்டர். ஒன்றரை, இரண்டு வருடத்தில் வந்துவிடலாம், கல்லூரி ஆட்டங்களின் எண்ணும் கையில் இருக்கும். பள்ளி பேட்டர் என்றால் மூன்று, நாலு வருடம் பொறுமை வேண்டும். பள்ளி பிட்சர் என்றால் என்னைக் கேட்காதீர்கள்.

டொமினிகன் லீக்கில் கலக்கும் 17 வயதுப் பையன்களை வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் விற்பதற்காக. வெளிநாட்டு இளைஞர்கள் 16 வயதில், ஜனவரி 15-இல் தொடங்கும் காலத்தில் ஒப்பந்தமாகிறார்கள்; வாய்வழிப் பேச்சு அதற்கு வருடங்களுக்கு முன்பே முடிந்திருக்கும். அதாவது அந்தப் பெரிய போனஸ் தொகை 13, 14 வயதுப் பையனைப் பார்த்துச் சொன்னது. சோட்டோவுக்கு 15 லட்சம் டாலர் கிடைத்தது. டி லா குரூஸுக்கு 65,000. ஐந்தடி ஆறங்குலம் இருக்கும் ஹோசே அல்டூவேக்கு 15,000. போனஸை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டொமினிகன் லீக்கில் பிட்சர்களுக்கே எல்லை பிடிபடாததால் பேட்டர்களின் வாக் சதவீதம் எப்போதும் வீங்கித்தான் இருக்கும். அங்கே கலக்கியவருடைய சந்தை விலை, அவர் அமெரிக்காவுக்கு வந்து காம்ப்ளெக்ஸ் லீக்கில் ஆடத் தொடங்கும் வரை ஏறிக்கொண்டே போகும். நான் விற்பது அந்த வசந்த காலத்தில்.

எப்போது விற்பது, எப்போது வைத்துக்கொள்வது?

உங்கள் அணி இந்த வருடம் கோப்பைக்கு ஆடுகிறதா என்று முதலில் முடிவெடுங்கள். ஆடுகிறது என்றால், 2028-இல் வரப்போகும் பையனைக் கொடுத்து 33 வயது அனுபவஸ்தரை வாங்கக் கூச்சப்படாதீர்கள். ப்ராஸ்பெக்டுகளில் பெரும்பாலானோர் உங்கள் அணிக்கு ஒரு நாளும் பயன்படப்போவதில்லை. முன்னணி 100 பேர் பட்டியலில் வருபவர்களிலேயே ஃபேன்டஸியில் நிலைப்பவர்கள் சிறுபான்மைதான். ஆனால் எல்லாருக்கும் ஒரு விலை இருக்கிறது, அந்த விலை எம்எல்பியில் முதல் பந்தைச் சந்திப்பதற்கு முந்தைய நாள்தான் உச்சத்தில் இருக்கும். வாக் சதவீதமும் ஸ்ட்ரைக்அவுட் சதவீதமும் நன்றாக இருப்பவரை வைத்துக்கொள்ளுங்கள். பேரும் புகழும் ஹோம் ரன்னும் மட்டும் இருப்பவரை அந்த நாளுக்கு முன் கைமாற்றுங்கள்.

என் லீக்கில் மைனர் லீக் வீரர்களுக்கு ஐந்தே இடம். எப்படி நிரப்பலாம்?

நாலு பேட்டர், ஒரு பிட்சர். பேட்டர்களில் இருவர் டபுள்-ஏவிலோ அதற்கு மேலோ இருக்கட்டும். ஒருவர் 20 வயதுக்குள் ஹை-ஏவைத் தொட்டவர். நாலாவது இடம் சுழலும் இடம்: மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றலாம், புதிதாக ஏறி வருபவரை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் பிடித்துவைக்க. பிட்சர் ட்ரிபிள்-ஏவில் இருப்பவராகப் பாருங்கள். உங்கள் லீக் எம்எல்பியின் புதுமுக வரையறையைப் பின்பற்றினால், 130 அட்-பேட் அல்லது 50 இன்னிங்ஸ் தாண்டியதும் வீரரை மைனர் இடத்திலிருந்து எடுத்தாக வேண்டும். செயல்பாட்டுப் பட்டியலில் 45 நாள் என்ற வரம்பையும் சில லீக்குகள் சேர்த்துக்கொள்கின்றன, சில சேர்ப்பதில்லை. ஆகஸ்டில் மேலே வரும் வீரர் விஷயத்தில் இது பெரிய வித்தியாசம்: வரம்புக்குள் நின்றுவிட்டால் அடுத்த வருடமும் இடத்தை அடைக்காமல் அவரை வைத்திருக்கலாம். லீக்கை நடத்துபவரிடம் ஜூலையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.